கொல்லைப்புற வானியலும் வான் ஒளிப்படக்கலையும்: ஒரு வரலாறு

வானாய்வு நிலையங்களைச் சாராமல் தம் வீட்டு மொட்டை மாடியிலோ, முற்றத்திலோ, தோட்டத்திலோ நின்று சொந்தக் கருவிகளால் வானை ஆராய்வதைக் கொல்லைப்புற வானியல் என்பர். அவ்வாறு காணப்படும் வான்பொருள்களைப் படமாகப் பதிவு செய்வது வான் ஒளிப்படக்கலை ஆகும். இவை இரண்டும் இன்று ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதப்படுகின்றன. ஆனால் வரலாற்றைப் பார்த்தால், வானியலின் முக்கியமான திருப்பங்களுள் பல வீட்டுத் தோட்டங்களில் நிகழ்ந்தவை. நெபுலாக்களைப் படம்பிடிக்கும் முறையைப் பெரிய அரசு வானாய்வகங்கள் கையில் எடுப்பதற்கு முன்பே அதைச் செய்து காட்டியவர்கள் ஒரு மருத்துவர், ஒரு சுகாதாரப் பொறியாளர், ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் ஆகியோர். அந்த வரலாற்றையும், இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு அது தரும் பாடங்களையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

பாத் நகரின் வீட்டுத் தோட்டம்

வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இசைக்கலைஞர். பாத் நகரின் ஆக்டகன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பதும் இசை கற்பிப்பதும் அவருடைய தொழில். நல்ல தொலைநோக்கியை விலைகொடுத்து வாங்க வசதி இல்லாததால், தாமே ஆடி வார்த்துத் தேய்க்கக் கற்றுக்கொண்டார். அக்காலத்துத் தொலைநோக்கி ஆடிகள் கண்ணாடியால் ஆனவை அல்ல. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. மெருகேற்றும்போது கையை எடுக்கக்கூடாது என்பதால், சில நாட்களில் 16 மணி நேரம் வரை அவர் இடைவிடாமல் தேய்த்தார். தங்கை கரோலின் அருகில் அமர்ந்து அவருக்கு உணவை ஊட்டிவிடுவார்.

1781 மார்ச் 13 அன்று இரவு, நியூ கிங் தெருவில் இருந்த தம் வீட்டின் பின்புறத் தோட்டத்தில், சுமார் 6 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தபோது, விண்மீனைப்போல் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டாகத் தெரிந்த ஒரு பொருளை ஹெர்ஷல் கவனித்தார். முதலில் அதை வால்வெள்ளி என்று நினைத்தார். பிறர் அதன் பாதையைக் கணக்கிட்டபோது அது சனிக்கு அப்பால் சுற்றும் கோள் என்று தெரிந்தது. அதுவே யுரேனஸ். எழுத்து வரலாறு தொடங்கிய காலம் முதல் அறியப்பட்டிருந்த கோள்களின் எண்ணிக்கை ஒரு கொல்லைப்புறத்திலிருந்து மாறியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் 3 அடி அகல ஆடி ஒன்றை வீட்டிலேயே வார்க்க முயன்றபோது, உருகிய உலோகம் கசிந்து கல் தரையில் ஓடியது. சூட்டில் தரைக்கற்கள் வெடித்துச் சிதற, எல்லோரும் வெளியே ஓடித் தப்பினர். கரோலினும் பின்னர் தனியாகத் தொலைநோக்கியில் அமர்ந்து, 1786 ஆகஸ்ட் 1 அன்று தம் முதல் வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார்.

ஒளிப்படம் வானை எட்டுதல்

1839இல் பிரான்சில் தாகேரின் ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நியூயார்க்கில் வேதியியல் பேராசிரியர் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலவைப் படம்பிடித்தார். அதற்குத் தட்டு சுமார் 20 நிமிடங்கள் திறந்திருக்க வேண்டியிருந்தது. 1850 ஜூலையில் ஹார்வர்டு வானாய்வகத்தில் வில்லியம் பாண்டும் ஒளிப்படக்காரர் ஜான் விப்பிளும் வேகா விண்மீனைப் பதிவு செய்தனர். சூரியனைத் தவிர்த்து வேறொரு விண்மீன் படமாக்கப்பட்டது அதுவே முதல் முறை.

1851இல் ஈரக் கொலோடியன் தட்டு வந்தது. கண்ணாடித் தட்டில் வேதிப்பூச்சைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். லண்டனில் காகிதப் பொருள் மற்றும் அச்சுத் தொழில் நடத்திய வாரன் டி லா ரூ, கேனன்பரியில் இருந்த தம் வீட்டில் 13 அங்குலத் தொலைநோக்கியை வைத்து இம்முறையில் நிலவைப் படமெடுத்தார். தொலைநோக்கியைத் திருப்பும் கடிகாரப் பொறி அவரிடம் அப்போது இல்லை. நிலவின் ஒரு பள்ளத்தைக் குறிவைத்துக் கையாலேயே கருவியை நகர்த்தினார். இது மிகக் கடினமாக இருந்ததால் சிறிது காலம் முயற்சியை நிறுத்திவிட்டு, 1857இல் கிரான்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தபின் கடிகாரப் பொறியுடன் மீண்டும் தொடங்கினார்.

வான் ஒளிப்படக்கலையின் இரண்டு அடிப்படைச் சிக்கல்கள் இதில் அடங்கியுள்ளன. ஒன்று, பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. கருவி அதைத் துல்லியமாகத் தொடர வேண்டும். மற்றொன்று, வான்பொருள்கள் மங்கலானவை. ஒளி சேர நேரம் வேண்டும். ஈரத்தட்டு சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடுவதால் நிலவு, சூரியன், பிரகாசமான விண்மீன்கள் ஆகியவற்றுக்கு அப்பால் அதனால் போக முடியவில்லை.

உலர் தட்டும் ஈலிங் தோட்டமும்

1871இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்டு லீச் மேடக்ஸ் ஜெலட்டின் உலர் தட்டை விவரித்தார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது கடைகளில் கிடைக்கத் தொடங்கியது. தட்டு காய்ந்துவிடுமே என்ற அச்சம் நீங்கியதால், ஒளியை மணிக்கணக்கில் சேமிக்க வழி பிறந்தது.

இதே காலத்தில் தொலைநோக்கி ஆடியும் மாறியிருந்தது. 1850களில் ஸ்டைன்ஹைலும் ஃபூக்கோவும் உலோகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியைத் தேய்த்து அதன்மேல் வெள்ளிப்பூச்சு ஏற்றும் முறையைக் காட்டினர. உலோக ஆடி மங்கினால் மீண்டும் மெருகேற்ற வேண்டும். அப்போது அதன் வடிவமும் கெடும். கண்ணாடி ஆடியிலோ பழைய பூச்சை நீக்கிப் புதிய பூச்சு ஏற்றினால் போதும். வடிவம் அப்படியே இருக்கும். பெரிய ஆடிகளைத் தனிமனிதர் வைத்துப் பராமரிப்பது இதனால் இயலக்கூடியதாயிற்று.

முதல் வெற்றி அமெரிக்காவில் கிடைத்தது. ஜான் வில்லியம் டிரேப்பரின் மகனும் மருத்துவருமான ஹென்றி டிரேப்பர், ஹட்சன் ஆற்றங்கரையில் தம் குடும்பத் தோட்டத்தில் அமைத்திருந்த வானாய்வகத்தில், 1880 செப்டம்பர் 30 அன்று 11 அங்குலத் தொலைநோக்கியால் ஓரியன் நெபுலாவை 51 நிமிட எக்ஸ்போஷரில் படம்பிடித்தார். நெபுலா ஒன்றின் முதல் ஒளிப்படம் இதுவே. 1882இல் அவர் 45 வயதிலேயே இறந்தார். அவர் மனைவி மேரி ஆன்னா டிரேப்பர் தந்த நிதியால், பல இலட்சம் விண்மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்திய ஹென்றி டிரேப்பர் அட்டவணை ஹார்வர்டில் பின்னர் உருவானது.

லண்டனை அடுத்த ஈலிங்கில் வாழ்ந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் ஒரு சுகாதாரப் பொறியாளர். ஜார்ஜ் கால்வர் செய்த 36 அங்குலக் கண்ணாடி ஆடியை வாங்கி, அதைத் தாங்கும் அமைப்பைத் தாமே வடிவமைத்துத் தோட்டத்தில் நிறுவினார். 1883 ஜனவரி 30 அன்று 37 நிமிட எக்ஸ்போஷரில் அவர் எடுத்த ஓரியன் நெபுலா படம் ஒரு புதிய உண்மையைக் காட்டியது. எந்தத் தொலைநோக்கியிலும் கண்ணால் பார்க்க முடியாத மங்கிய விண்மீன்கள் அதில் பதிந்திருந்தன. கண் ஒரு கணத்தின் ஒளியை மட்டுமே உணரும். தட்டோ நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்க்கும். அதுவரை கண்டதை வரைபவரின் கைத்திறனை நம்பியிருந்த நெபுலா ஆய்வு, அன்றுமுதல் பதிவுச் சான்றை நம்பத் தொடங்கியது. அரச வானியல் கழகம் 1884இல் காமனுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

அந்தத் தொலைநோக்கியின் பிற்காலமும் குறிப்பிடத்தக்கது. காமனிடமிருந்து அதை ஹாலிஃபாக்ஸ் நகரின் தொழிலதிபர் எட்வர்டு கிராஸ்லி வாங்கினார். தம் ஊரின் வானிலை அதற்கு ஏற்றதல்ல என்று உணர்ந்த அவர், 1895இல் அதைக் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அங்கே ஜேம்ஸ் கீலர் 1898 முதல் 1900 வரை அதைக்கொண்டு எடுத்த படங்கள், வானில் சுருள் நெபுலாக்கள் பெருந்தொகையாக உள்ளன என்பதை வெளிப்படுத்தின. பெரிய எதிரொளிப்புத் தொலைநோக்கிகளே எதிர்கால வானாய்வுக்கு உரியவை என்ற முடிவுக்கு வானியலாளர்கள் வந்ததில் அப்படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆந்திரொமேடாவின் சுருள்

வேல்ஸில் பிறந்த ஐசக் ராபர்ட்ஸ் லிவர்பூல் பகுதியில் கட்டட ஒப்பந்தக்காரராக இருந்தவர். 20 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கி ஒன்றைச் செய்வித்து, மேகல் என்ற ஊரில் இருந்த தம் வீட்டில் நிறுவினார். 1888 டிசம்பரில், மணிக்கணக்கான எக்ஸ்போஷரில் அவர் எடுத்த ஆந்திரொமேடா நெபுலாவின் படம் அரச வானியல் கழகத்தில் பெரும் வியப்பை ஏற்படுத்தியது. கண்ணுக்கு வெறும் நீள்வட்டப் பனிப்படலமாகத் தெரிந்த பொருளில் சுருள் அமைப்பு இருப்பதை அப்படம் காட்டியது.

படம் சரியாக இருந்தது. ராபர்ட்ஸ் தந்த விளக்கம் தவறாக இருந்தது. வாயுமேகம் ஒன்று சுழன்று சூரியக்குடும்பமாக உருவாகும் காட்சியே அது என்று அவர் கருதினார். அக்காலத்து அறிவு அவ்வளவே. 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த தட்டில் ஒரு செபீட் மாறுவிண்மீனைக் கண்டார். ஆந்திரொமேடா நம் பால்வழிக்கு வெளியே உள்ள தனிப் பேரடை என்பது அதிலிருந்தே உறுதியானது. அதன் தொலைவு சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகள் என்று இன்று மதிப்பிடப்படுகிறது. எடுத்தவரின் கொள்கை பொய்த்த பின்னும் அவர் எடுத்த படம் சான்றாக நிலைத்து நின்றது. எதையும் கூட்டாமல் குறைக்காமல் பதிவு செய்வதன் மதிப்புக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒளிப்படக் கடைச் சிறுவன்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1857இல் வறிய குடும்பத்தில் பிறந்த எட்வர்டு எமர்சன் பர்னார்டு, ஒன்பது வயது நிறைவதற்குள் ஓர் ஒளிப்படக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். படங்களைப் பெரிதாக்கும் கருவி சூரிய ஒளியால் இயங்கியது. வெயிலில் நின்று, சூரியன் நகர நகர அக்கருவியைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் அச்சிறுவனின் வேலை. வானின் நகர்வைப் பொறுமையாகத் தொடர்வதற்கு இதைவிட நல்ல பயிற்சி இருந்திருக்க முடியாது.

பின்னர் சொந்தத் தொலைநோக்கி வாங்கிய பர்னார்டு வால்வெள்ளிகளைத் தேடினார். புதிய வால்வெள்ளி ஒன்றுக்கு 200 டாலர் என்று செல்வந்தர் ஒருவர் பரிசு அறிவித்திருந்தார். பர்னார்டு தம் வீட்டுக் கடனை அடைக்க இப்பரிசுகளே உதவின. லிக் வானாய்வகத்தில் பணியில் சேர்ந்தபின், 1889 முதல், மனிதரைப் படமெடுக்கும் ஸ்டூடியோவில் பயன்பட்ட பழைய 6 அங்குல வில்லை ஒன்றைக் கொண்டு பால்வழியைப் பரந்த பரப்பில் படமாக்கினார். பால்வழியில் தெரியும் கரிய பகுதிகளை அப்படங்கள் விரிவாகக் காட்டின. அவை ஒளியை மறைக்கும் தூசிமேகங்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று. அகன்ற பரப்பைக் காண்பதற்குப் பெரிய தொலைநோக்கியைவிடச் சிறிய வில்லையே சிறந்தது என்பது இதன் பாடம்.

ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் மாக்ஸ் வோல்ஃப் தம் வீட்டு வானாய்வகத்தில் இதே முறையைச் சிறுகோள்களுக்குப் பயன்படுத்தினார். விண்மீன்கள் புள்ளியாகப் பதிய, நகரும் சிறுகோள் கோடாகப் பதியும். 1891 டிசம்பர் 22 அன்று அவர் இவ்வாறு கண்ட புரூசியாவே ஒளிப்படம் மூலம் கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள்.

இந்தியாவும் தமிழ்நாடும்

ஜான் எவர்ஷெட் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டம் கென்லியில் சொந்த வானாய்வகம் வைத்திருந்தவர். பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டே சூரியனை ஆராய்ந்தவர். 1898ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தைப் படமெடுக்க இந்தியா வந்தார். 1907இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் பணியில் சேர்ந்தார். 1909 ஜனவரியில் அங்கு எடுத்த நிறமாலைப் படங்களில், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதைக் கண்டறிந்தார். இது எவர்ஷெட் விளைவு என்று இன்றும் அழைக்கப்படுகிறது. 1911 முதல் 1923 வரை அவர் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தார். ஓய்வு பெற்று ஊர் திரும்பியபின் மீண்டும் சொந்த வானாய்வகம் ஒன்றை அமைத்துக்கொண்டார். கொல்லையில் தொடங்கிக் கொல்லையிலேயே அவர் வானியல் வாழ்க்கை நிறைவுற்றது.

ராதாகோவிந்த சந்திரர் (1878–1975) இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெசோர் அருகே பாக்சர் கிராமத்தவர். கல்லூரி நுழைவுத் தேர்வில் தேறாதவர். அரசுக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதித்து எண்ணும் சிறிய வேலையில் இருந்தார். சிறு தொலைநோக்கி ஒன்றை வாங்கி, ஒளி கூடிக் குறையும் மாறுவிண்மீன்களை இரவுதோறும் மதிப்பிட்டார். 1918 ஜூனில் கழுகு விண்மீன் குழுவில் திடீரென ஒளிர்ந்த நோவாவைத் தாமாகவே கண்டார். அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்தில் சேர்ந்து 37,000-க்கும் மேற்பட்ட பதிவுகளை அனுப்பினார். 1926இல் அச்சங்கம் அவருக்கு 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பிவைத்தது.

சந்திரர் முதுமையடைந்தபின் அத்தொலைநோக்கி வானியலாளர் வைனு பாப்புவின் பொறுப்புக்கு வந்து, இறுதியில் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தை அடைந்தது. சென்னையில் பிறந்த பாப்பு 1960களில் தேர்ந்தெடுத்த இடம் காவலூர். 1986 முதல் 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி அங்கு இயங்குகிறது. கிராமத்துக் கருவூல ஊழியர் ஒருவர் பயன்படுத்திய கருவி அதே வளாகம்வரை வந்து சேர்ந்தது இந்திய வானியல் வரலாற்றில் நினைவுகூரத்தக்கது.

கண்ணாடி தேய்க்கும் இயக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கொல்லைப்புற வானியலர்களில் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள். இந்நிலையை மாற்றியதில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குப் பங்கு உண்டு. அங்கே 1920இல் ரஸ்ஸல் போர்ட்டர் என்பவர் தொலைநோக்கி ஆடி தேய்க்கும் வகுப்பைத் தொடங்கினார். மாணவர்களில் பெரும்பாலோர் இயந்திரத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். 1925 நவம்பரில் ஆல்பர்ட் இங்கால்ஸ் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் இவர்களைப் பற்றி எழுதினார். அதைப் படித்த ஆயிரக்கணக்கானோர் தாமும் ஆடி தேய்க்க முற்பட்டனர். 1926இல் ஸ்பிரிங்ஃபீல்டு குன்றின்மேல் தொடங்கிய தொலைநோக்கி செய்வோர் கூடல் இன்றும் நடைபெறுகிறது. போர்ட்டர் பின்னர் கலிபோர்னியா சென்று, பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கி வடிவமைப்பில் பங்காற்றினார்.

அதே காலத்தில் கான்சாஸ் மாநிலத்தில் கிளைட் டாம்போ என்ற விவசாயி மகன் 9 அங்குல ஆடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆலங்கட்டி மழையில் பயிர் அழிந்ததால் கல்லூரிக் கனவு கைவிட்டுப்போன இளைஞர் அவர். ஆடியைச் சோதிக்கச் சீரான வெப்பநிலை தேவை என்பதால், பண்ணையில் தாமே பெரிய குழி ஒன்றை வெட்டினார். அத்தொலைநோக்கியால் கண்ட செவ்வாய், வியாழன் ஆகியவற்றை வரைந்து லோவல் வானாய்வகத்துக்கு அனுப்பினார். கருத்துக் கேட்டு அனுப்பிய அவருக்கு வேலை கிடைத்தது. 1929 ஜனவரியில் பணியில் சேர்ந்தவர், 1930 பிப்ரவரி 18 அன்று இரண்டு ஒளிப்படத் தட்டுகளை ஒப்பிட்டபோது இடம் மாறியிருந்த ஒரு சிறு புள்ளியைக் கண்டார். அதுவே புளூட்டோ.

ஜான் டாப்சன் 1915இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். வேதியியல் படித்து, பின்னர் சான்பிரான்சிஸ்கோவின் வேதாந்த மடத்தில் துறவியானவர். தூக்கியெறியப்பட்ட கப்பல் ஜன்னல் கண்ணாடியை ஆடியாகத் தேய்த்தார். கான்கிரீட் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாயைத் தொலைநோக்கிக் குழாயாக்கினார். பிளைவுட் பலகையால் தாங்கி செய்தார். 1967இல் மடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதன்பின் தெருவோரங்களில் தொலைநோக்கியை நிறுத்தி, போவோர் வருவோர் அனைவரையும் அழைத்து வானைக் காட்டினார். தம் வடிவமைப்புக்குக் காப்புரிமை பெறவில்லை. பெரிய ஆடியை எளிய மரப்பெட்டியில் தாங்கும் டாப்சோனியன் தொலைநோக்கிகள் இன்று உலகெங்கும் விற்கப்படுகின்றன.

பிலிமிலிருந்து மின்னணு உணரிக்கு

பிலிமுக்கு ஒரு குறை உண்டு. எக்ஸ்போஷர் நீள நீள அதன் உணர்திறன் குறையும். விழும் ஒளியில் ஒரு சிறு பங்கைத்தான் அது பதிவு செய்யும். இதை ஈடுசெய்யக் கொல்லைப்புற ஒளிப்படக்காரர்கள் பிலிமை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் ஊறவைத்தனர். வழிகாட்டும் விண்மீன் ஒன்றைக் குறுக்குக் கம்பிகளில் நிறுத்தி, ஒரு மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்துக் கருவியைத் திருத்தினர். பிலிமைக் கழுவிய பின்பே செய்த பிழை தெரியவரும்.

1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி. என்னும் மின்னணு உணரியை உருவாக்கினர். 2009இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். முதலில் பெரிய வானாய்வகங்களிலும், பிறகு தனிமனிதர் கையிலும் இவ்வுணரிகள் புகுந்தன. இன்றைய நல்ல உணரி, விழும் ஒளித்துகள்களில் பாதிக்கும் மேலானவற்றைப் பதிவு செய்கிறது.

அதைவிடப் பெரிய மாற்றம் படங்களை அடுக்கும் முறை. ஒரே நீண்ட எக்ஸ்போஷருக்குப் பதிலாகப் பல குறுகிய படங்களை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், தற்செயலான இரைச்சல் குறைந்து உண்மையான ஒளி மேலெழும். 100 படங்களை அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். கோள்களுக்கு ஆயிரக்கணக்கான காணொளிச் சட்டங்களை எடுத்து, காற்று அசையாத கணங்களில் பதிந்தவற்றை மட்டும் பொறுக்கி அடுக்குகின்றனர்.

கொல்லையிலிருந்து வந்த அண்மைக் கண்டுபிடிப்புகள்

2009 ஜூலை 19 இரவு, ஆஸ்திரேலியாவின் கான்பரா அருகே அந்தோணி வெஸ்லி தம் வீட்டுத் தொலைநோக்கியால் வியாழனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். வானம் சரியில்லை என்று சற்று நிறுத்திவிட்டு, தொலைக்காட்சியில் கோல்ஃபும் கிரிக்கெட்டும் பார்க்கப் போனார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது வியாழனின் தென்முனைப் பகுதியில் கரும்புள்ளி ஒன்றைக் கண்டார். ஏதோ ஒரு பொருள் வியாழனில் மோதிய தழும்பு அது. அவர் தந்த தகவலின்பேரில் ஹவாயில் உள்ள நாசா தொலைநோக்கி அதை உறுதி செய்தது. சில நாட்களில் ஹபிள் விண்தொலைநோக்கியும் அதைப் படமெடுத்தது.

2016 செப்டம்பர் 20 அன்று அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில், பூட்டுத் தொழிலாளரான விக்டர் பூசோ தம் வீட்டு மாடியில் புதிய கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். குறிபார்த்த பேரடை என்.ஜி.சி. 613. அடுத்தடுத்து எடுத்த படங்களில் புதிய ஒளிப்புள்ளி ஒன்று தோன்றிப் பிரகாசமாகிக்கொண்டே வந்தது. விண்மீன் வெடித்து முதல் ஒளி வெளிப்படும் கணங்களை அவர் பதிவு செய்திருந்தார். எங்கே, எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டி அறிய முடியாததால் வானியலாளர்கள் நெடுங்காலம் தேடிய காட்சி அது. 2018இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் பூசோவும் ஓர் ஆசிரியர்.

2022இல் பிரான்சின் யான் செய்ன்டி, சேவியர் ஸ்ட்ராட்னர், ஜெர்மனியின் மார்செல் டிரெக்ஸ்லர் ஆகியோர் சுமார் 10 செ.மீ. வில்லை கொண்ட சிறிய தொலைநோக்கியால் ஆந்திரொமேடாவை 100 மணி நேரத்துக்கும் மேலாகப் படமெடுத்தனர். அப்பேரடையின் அருகே, அயனியான ஆக்சிஜனின் ஒளியில், நிலவின் அகலத்தைப்போல் மும்மடங்கு நீளமுள்ள மங்கிய வில் ஒன்று அதில் தெரிந்தது. ராபர்ட்ஸ் படத்துக்குப் பின் 130 ஆண்டுகளுக்கும் மேலாக எண்ணற்ற கருவிகள் பார்த்த அதே திசையில் அது மறைந்திருந்தது.

இவற்றுக்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. பெரிய தொலைநோக்கியின் ஒவ்வோர் இரவும் பலருக்குப் பங்கிடப்படுகிறது. ஒரே பொருளை நூறு மணி நேரம் பார்க்கும் உரிமை அங்கே எளிதில் கிடைக்காது. கொல்லையில் நிற்பவருக்கு நேரம் முழுவதும் சொந்தம்.

தொடங்குவோருக்கு வரலாறு தரும் பாடம்

முதலில் வேண்டியது கருவி அல்ல, வானப் பழக்கம். ஹெர்ஷலும் சந்திரரும் வானை மனப்பாடமாக அறிந்திருந்ததால்தான் புதியதை அடையாளம் கண்டனர். கார்த்திகை, மிருகசீரிடம், திருவாதிரை ஆகியவற்றை வெறும் கண்ணால் இனங்காணப் பழகியபின், 7x50 அல்லது 10x50 இருகண் நோக்கி ஒன்று போதும். நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு பெரிய நிலவுகள், கார்த்திகைக் கூட்டம், ஆந்திரொமேடாவின் மங்கிய ஒளி ஆகிய அனைத்தும் அதில் தெரியும். சூரியனை மட்டும் உரிய வடிப்பான் இன்றி எந்தக் கருவியாலும் ஒருபோதும் பார்க்கக்கூடாது. பார்வை நிரந்தரமாகப் போய்விடும்.

படமெடுக்கத் தொடங்குவோர்க்கு முக்காலியில் நிறுத்திய சாதாரணக் கேமராவே போதுமானது. வானம் நகர்வதால் விண்மீன்கள் கோடாகாமல் இருக்க, 500 என்ற எண்ணை வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்துக் கிடைக்கும் வினாடிகளுக்குள் ஒவ்வொரு படத்தையும் முடிக்க வேண்டும் என்பது வழக்கில் உள்ள விதி. 24 மி.மீ. வில்லைக்கு இது சுமார் 20 வினாடி. சிறிய உணரி கொண்ட கேமராக்களில் இதையும் குறைக்க வேண்டும். இப்படிப் பல படங்களை எடுத்து அடுக்கினால், காமன் 36 அங்குல ஆடியால் எடுத்த ஓரியன் நெபுலாவின் வடிவத்தைச் சாதாரண வில்லையிலும் ஓரளவு கொண்டுவர முடியும்.

அடுத்த படி, வானோடு சேர்ந்து சுழலும் தாங்கி. அதன் அச்சு துருவ விண்மீனை நோக்கி இருக்க வேண்டும். துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. சென்னையில் அது 13 பாகை, யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 10 பாகை, கன்னியாகுமரியில் 8 பாகை மட்டுமே. வீடும் மரமும் அதை மறைத்துவிடும் என்பதால், வடக்கு திறந்துள்ள மாடியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இந்தத் தாழ்ந்த அட்சரேகையால் நன்மையும் உண்டு: ஐரோப்பிய நோக்கர்களில் பெரும்பாலோர் காண முடியாத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து, கரீனா நெபுலா போன்ற தென்வானப் பொருள்கள் நமக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் முன்னிரவில் ஓரியன் உயரத்தில் நிற்கும். தொடங்குவதற்கு அதுவே ஏற்ற காலம்.

இருள் என்னும் முதற்கருவி

காமனுக்கும் ராபர்ட்ஸுக்கும் இருந்து நமக்கு இல்லாதது ஒன்று உண்டு. அது இருண்ட வானம். 2001இல் ஜான் பார்ட்டில் வானின் இருளை ஒன்று முதல் ஒன்பது வரை வகைப்படுத்தும் அளவுகோலை வெளியிட்டார். ஒன்று மிக இருண்ட வானம். ஒன்பது பெருநகரின் நடுப்பகுதி. 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி, மனிதகுலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தம் வாழிடத்திலிருந்து பால்வழியைப் பார்க்க முடியாத நிலையில் உள்ளனர். 2019 முதல் பெருந்தொகையாக ஏவப்படும் செயற்கைக்கோள்களும் படங்களில் கோடுகளாகப் பதிகின்றன.

வடிப்பான்களும் கணினி முறைகளும் இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆனால் அவை படத்தைத்தான் மீட்கும், கண்ணால் காணும் அனுபவத்தை மீட்கா. தெருவிளக்கின் ஒளி மேல்நோக்கிச் செல்லாதபடி மூடி அமைப்பதும், தேவையற்ற விளக்குகளை அணைப்பதும் எளிதில் செய்யக்கூடியவை. செய்த அன்றிரவே பயன் தருபவை. மண்மாசு நீங்கப் பல தலைமுறைகள் ஆகலாம். ஒளிமாசோ விளக்கை அணைத்த கணமே நீங்கிவிடும்.

யுரேனஸைக் கண்ட பாத் நகர வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அதன் பின்புறத் தோட்டம் சிறியது. நம் ஊர் வீடுகள் பலவற்றின் கொல்லையைவிடப் பெரிதல்ல. ஹெர்ஷலிடம் இருந்தது தாமே தேய்த்த ஓர் ஆடியும், இருண்ட வானமும், இரவுதோறும் வெளியே வந்து நிற்கும் பழக்கமும். ஆடியை இன்று கடையில் வாங்கலாம். மற்ற இரண்டையும் நாமேதான் காத்து வளர்க்க வேண்டும்.